திருப்பக் கூடாது என்று எழுதியிருந்த கட்டில்

அன்று காலை அந்தக் கட்டிலைச் சுற்றி நின்றவர்களைச் சொல்லிவிடுகிறேன். தலைமாட்டில் பயிற்சி டாக்டர் அருள். தோளருகே வார்டு பொறுப்பாளர் ஸ்டெல்லா சிஸ்டர். இடுப்பருகே ஊழியர் கருப்பையா அண்ணன். கால்மாட்டில் நோயாளியின் மனைவி செல்வி. ஸ்கேன் மெஷின் திரைக்கு முன்னால் எங்கள் ஸ்கேன் டாக்டர் கோமதி மேடம். உடம்பின் மேல் வைத்துப் பார்க்கும் புரோபைக் கையில் பிடித்தபடி நான். வராதவர் ஒருவர்தான், எலும்பு சர்ஜன் ரவி சார். அவர் ‘நோயாளியைத் திருப்பக் கூடாது’ என்று சிவப்பு மையில் எழுதிக் கட்டிலில் தொங்கவிட்டுவிட்டுச் சென்னைக்குப் போயிருந்தார். அவர் கூடாது என்றதைச் செய்வதற்குத்தான் நாங்கள் அத்தனை பேரும் அங்கே கூடியிருந்தோம்.

நான் கடைசியாக வேலை பார்த்த ஆஸ்பத்திரியில், எழுந்து நடமாட முடியாத நோயாளிகளுக்குப் படுக்கைப் புண் வருவதற்கு முன்பே ஸ்கேனில் பார்க்கும் பழக்கத்தை இப்போது முறையாக ஆரம்பிக்கிறார்கள். அங்கிருக்கும் பிள்ளைகள் என்னைக் கூப்பிட்டு, “அண்ணே, நீங்க அந்தக் காலத்துலயே இதைப் பண்ணியிருக்கீங்களாமே, எப்படிப் பண்ணீங்க?” என்று கேட்டார்கள். போனில் சொல்ல முடியாத கதை. வருடக்கணக்காக புரோப் பிடித்ததில் வலது தோள்பட்டை தேய்ந்து, வயது வருவதற்கு முன்பே ஓய்வு வாங்கிக்கொண்டவன் நான். எழுதவும் தோள் வலிக்கத்தான் செய்கிறது. இருந்தாலும் இதை எழுதிவிடுவதுதான் சரி.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா சிம்மக்கல் மொத்தக் கடைகளில் மூட்டை இறக்கினார். நான் ஸ்கேன் டெக்னீஷியன் படிப்பு முடித்து வேலைக்குச் சேர்ந்தபோது, அவர் கூட வேலை பார்த்தவர்களிடம் “என் மகன் உடம்புக்குள்ள பாக்குற மிஷின் ஓட்டுறான்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆங்கிலப் புத்தகத்தை ஒரு பக்கமும் அகராதியை மறு பக்கமும் வைத்துக்கொண்டு கடந்த வருடங்கள் அவை. உண்மையாகப் படித்தது கோமதி மேடத்திடம்.

மேடம் ஸ்கேன் பார்க்க உட்காரும் முன் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கோட்டுப் பையில் போடுவார். ஜெல் பாட்டிலை வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்தி வைத்திருப்பார். குளிர்ந்த ஜெல் பட்டு நோயாளி உடம்பைச் சுருக்கினால் அவருக்குப் பிடிக்காது. பார்க்கும்போது பேச மாட்டார். பார்த்து முடித்ததும் என் பக்கம் திரும்பி, “என்ன தெரியுது?” என்பார். நான் உடனே நோயின் பெயரைச் சொல்லிவிடுவேன். “மாரி, பேரைச் சொல்லாத. பேரு தெரிஞ்சவன் பார்க்க மாட்டான். கண்ணுக்கு என்ன தெரியுதோ அதை மட்டும் சொல்லு. கறுப்பா, வெள்ளையா, கோடா, குழியா?” என்பார். ஒரு வருடம் வரை என்னிடம் அவர் பேசியதில் பாதி இதுதான்.

வேறொரு வார்டில் பக்கவாதம் வந்து படுத்திருந்த ஒரு பெரியவரை வைத்துத்தான் படுக்கைப் புண் மேல் மேடத்தின் கவனம் திரும்பியது. பெரியவரின் வால் எலும்பு இருக்கும் இடத்தில் தோல் முழுசாக இருந்தது. தடவிப் பார்த்து எல்லாரும் நன்றாயிருக்கிறது என்றார்கள். கொஞ்ச நாளில் அதே தோல் கறுத்துப் பிளந்தது. உள்ளே கை முஷ்டி போகும் அளவுக்குப் பள்ளம். அவ்வளவு பெரிய பள்ளம் மேலிருந்து வந்திருக்க முடியாது, எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் நசுங்கிய சதை உள்ளிருந்தே செத்து வந்திருக்கிறது என்று மேடம் சொன்னார். வெளிநாட்டு மருத்துவ இதழ் ஒன்றில் இதை ஸ்கேனில் முன்கூட்டியே பார்க்க முடியும் என்று படித்திருந்தார். அதன்பின், தைராய்டு பார்க்கும் தட்டையான புரோபை எடுத்துக்கொண்டு, படுத்த படுக்கையாக இருப்பவர்களின் பின்புறத்தையும் குதிகாலையும் பார்க்க ஆரம்பித்தோம்.

நல்ல சதை திரையில் அடுக்கடுக்காகத் தெரியும். மேலே தோல் ஒரு வெள்ளைக் கோடு. அதற்குக் கீழே கொழுப்பு, மெல்லிய இழைகளோடு. அடியில் எலும்பு, வளைந்த வெள்ளைப் பட்டையாக. கெட ஆரம்பித்த சதையில் இழைகள் கலங்கிப்போகும். எலும்பை ஒட்டிக் கறுப்பு ஊறியிருக்கும், ஈரத் துணியில் மை பட்ட மாதிரி. புரோபை அழுத்தவே கூடாது, ஜெல்லைத் தடிமனாக வைத்து அதன்மேல் மிதக்க விட வேண்டும். அழுத்தினால் உள்ளே இருக்கும் கறுப்பு நசுங்கி மறைந்துவிடும். என் தோள் போனது இந்த மிதக்க விடும் வேலையில்தான்.

தோலைப் பார்த்தே கண்டுபிடிக்கலாமே என்று கேட்பார்கள். புத்தகத்தில் ‘சிவந்திருக்கும்’ என்று எழுதியிருக்கும். யாருடைய தோலைப் பார்த்து எழுதினார்களோ. நம் ஆட்களின் கறுத்த தோலில் அந்தச் சிவப்பு தெரிவதில்லை.

ஸ்டெல்லா சிஸ்டருக்கு இந்த ஸ்கேன் ஆரம்பத்தில் பிடிக்கவில்லை. அவருடைய ஆண்கள் வார்டில் படுக்கைப் புண் வாடை வந்ததே இல்லை. ஒவ்வொருவருக்கும் முதுகில் ஸ்பிரிட் தடவி, பவுடர் போட்டு, இடுப்பிலிருந்து மேல்நோக்கித் தேய்த்துவிடுவார். ரத்தம் ஓடுவதற்கு என்று அவர்களுக்கு நர்ஸிங் பள்ளியில் சொல்லிக்கொடுத்த முறை அது. திருப்ப முடியாத நோயாளி என்றால் உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து மெத்தைக்கும் உடம்புக்கும் நடுவில் நுழைத்துத் தேய்ப்பார். அந்தக் கைக்காகவே அவருடைய வார்டில் இடம் கேட்டு வருவார்கள்.

“என் கைக்குத் தெரியாததா உங்க டிவிக்குத் தெரியப்போகுது?” என்று என்னிடம் கேட்பார்.

“தெரியாது சிஸ்டர். மேடம் பாக்கச் சொன்னாங்க, பாக்குறேன்.”

“நல்லா பேசப் பழகிட்ட. ஜெல்லைத் துடைச்சுட்டுப் போ. போன தடவை போர்வையெல்லாம் பசை.”

இந்தச் சமயத்தில்தான் பாண்டி அண்ணன் வந்தார். பெயின்டர். கோச்சடையில் ஒரு புது வீட்டுக்கு வெளிப்பூச்சு பூசும்போது சாரம் சரிந்து விழுந்தவர். முதுகெலும்பு உடைந்திருந்தது. இடுப்புக்குக் கீழே கிள்ளினாலும் தெரியவில்லை. ஆனால் வலது கால் பெருவிரல் மட்டும், சொன்னால் லேசாக அசைந்தது. அந்த அசைவுதான் ரவி சாரின் நம்பிக்கை. நரம்பு முழுதாக அறவில்லை, கம்பி வைத்துக் கட்டினால் ஏதாவது திரும்ப வரலாம். ஆனால் நெஞ்சில் சளி கட்டி மயக்க மருந்து கொடுக்க முடியாமல் ஆபரேஷன் தள்ளிப்போனது. அதுவரை அசைக்காமல் வைத்திருக்க வேண்டும். உடைந்த எலும்பு ஒரு நூல் நகர்ந்தாலும் விரல் போய்விடும் என்று சொல்லித்தான் அந்தச் சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டார்.

ஆக, பாண்டி அண்ணன் மல்லாந்தே கிடந்தார். வலி தெரியாததால் ஒரு முனகலும் இல்லை. பக்கத்துக் கட்டில்காரர்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார்.

ரவி சார் சென்னைக்குப் போனபின் ஒரு காலையில் ஸ்டெல்லா சிஸ்டரே ஸ்கேன் அறைக்கு வந்தார். அவர் அங்கே வந்து நான் பார்த்ததில்லை. வாசலில் நின்றபடியே பேசினார்.

“மேடம், பாண்டிக்கு அடியில கை விட்டேன். வால் எலும்பு கிட்ட சுடுது. தோல் நல்லாத்தான் இருக்கு. ஆனா உள்ள களிமண்ணு மாதிரி இருக்கு. எனக்கு மனசு சரியில்ல.”

மேடம் கடிகாரத்தைக் கழற்றினார். பின்பு அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு ரவி சாருக்குப் போன் போட்டார். நான் அங்கேயேதான் நின்றேன். ரவி சார் குரல் வெளியே கேட்டது.

“புண்ணு வந்தா அப்புறம் தச்சுக்கலாம் கோமதி. நரம்பு போனா எவன் தைப்பான்? அந்த விரல்தான் எனக்கு வேணும்.”

“விரல் ஆடி என்ன சார் பண்ண, உட்கார இடம் இல்லாட்டி? புண்ணு எலும்பு வரைக்கும் போயி சீழ் பிடிச்சா நீங்க கம்பியே வைக்க முடியாது.”

 “நான் வர்ற வரைக்கும் தொடாதீங்க” என்று சொல்லி ரவி சார் போனை வைத்துவிட்டார்.

மேடம் நோயாளியின் கேஸ் ஷீட்டை வாங்கி, தன் பொறுப்பில் திருப்பச் சொல்வதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். அருள் டாக்டர் கட்டிலை விட்டு ஓர் அடி பின்னால் நகர்ந்தார். ரவி சாரிடம் பயிற்சியில் இருப்பவர் அவர்.

“மேடம், சார் என்னைத்தான் கேட்பாரு.”

“என் கையெழுத்தக் காட்டு. தலையை மட்டும் கவனமாப் பிடி. மத்ததை நான் பேசிக்கிறேன்.”

உடம்பை மரக்கட்டை உருட்டுவது போல, தலையும் தோளும் இடுப்பும் காலும் ஒரே கோட்டில், ஒரே சமயத்தில் திருப்ப வேண்டும். ஒருவர் கை முந்தினாலும் முதுகு முறுக்கும். அன்று ஆள் பற்றாக்குறை. கால்மாட்டுக்கு யாருமில்லை. அப்படித்தான் செல்வி அக்காவை நிறுத்தினோம். அழகர்கோவில் வாசலில் கொய்யாப்பழம் விற்பவர். கூடை தூக்கிய கை, நடுங்காது என்று கருப்பையா அண்ணன் சொன்னார்.

இப்படிப்பட்ட நோயாளிக்கு மேடமே புரோப் பிடித்திருப்பார். ஆனால் கட்டில்களுக்கு நடுவில் மெஷின் நுழையவில்லை. அதைக் கால்மாட்டுப் பக்கம் நிறுத்தி, மேடம் திரையைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, வயர் எட்டும் தூரத்தில் நான் நின்று பிடிப்பதாக முடிவானது.

மெஷினைப் பார்த்ததும் பாண்டி அண்ணன் வார்டு முழுக்கக் கேட்கும்படி, “என்ன தம்பி, ஆம்பள வார்டுல ஸ்கேன் மிஷினு? எனக்கு என்ன புள்ளன்னு சொல்லக்கூடாதாம்ல. போர்டு போட்டிருக்கே” என்றார். பக்கத்துக் கட்டில்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். செல்வி அக்கா, “வாய மூடிக்கிட்டுக் கெடங்க” என்றார். யாரும் சிரிப்பை முடிக்கவில்லை. அருள் டாக்டர் அவர் தலையின் இரு பக்கமும் கை வைத்துவிட்டார்.

“முதல்ல விரலை ஆட்டுங்க பாண்டி.”

ஆடியது. எல்லாரும் பார்த்தோம்.

“நான் மூணு சொல்லும்போது. ஒண்ணு. ரெண்டு. மூணு.”

ஒரே கட்டையாகத் திரும்பினார். முதுகு என் பக்கம் வந்தது. கறுத்த, வழவழப்பான, ஒரு குறையும் இல்லாத தோல். நான் ஜெல்லை வைத்தேன். புரோபை மிதக்க விட்டேன்.

“கொஞ்சம் மேல… நில்லு. அழுத்தாத. கீழ வா. குறுக்கால திருப்பு.” மேடம் நிறுத்தினார். “நில்லு.”

கருப்பையா அண்ணனின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. செல்வி அக்காவின் கண்கள் கணவரின் காலை விட்டு அகலவில்லை. நான் திரையைப் பார்க்கவில்லை. என் கை தளர்ந்தால் என்ன ஆகும் என்பதைத் தவிர வேறெதுவும் எனக்கு ஓடவில்லை.

“போதும். திருப்புங்க.”

பழையபடி மல்லாத்தினோம். அருள் டாக்டர், “விரலை ஆட்டுங்க” என்றார்.

ஆடவில்லை.

“அண்ணே, வலது பெருவிரல்” என்றேன் நான்.

“ஆட்டிட்டேனே தம்பி” என்றார் பாண்டி அண்ணன். அவருக்குக் கால் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. ஆட்டியதாக நினைத்துக்கொண்டிருந்தார்.   ஸ்டெல்லா சிஸ்டர் கால்மாட்டுக்குப் போய், அந்தப் பாதத்தைத் தன் இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்துக்கொண்டு, “பாண்டி, இங்க பாருங்க. என் கையத் தள்ளுங்க” என்றார். நாங்கள் காத்திருந்தோம். பிறகு விரல் மெதுவாக, தூக்கத்திலிருந்து எழுவது போல, அசைந்தது.

செல்வி அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மேடம் திரையை என் பக்கம் திருப்பினார். “என்ன தெரியுது?”

“எலும்பு மேல கறுப்பு ஊறியிருக்கு மேடம். நடுவுல இழையே இல்ல. மேல தோல் மட்டும் கோடா நல்லா இருக்கு.”

செல்வி அக்காவிடம் இதை எப்படிச் சொல்வது என்று மேடம் யோசித்தார். நான் சொல்லிப் பார்த்தேன். வெளியே ஒன்றுமில்லை, உள்ளே நசுங்கியிருக்கிறது என்றேன்.

“அடிக்கூடைக் கொய்யா மாதிரியா?” என்றார் அவர் உடனே. “மேல பச்சையாத்தான் இருக்கும். வெட்டுனா உள்ள கன்னிப்போயிருக்கும். அதுதானே?”

“அதுதான்க்கா.”

“அதைக் கூடையிலருந்து எடுத்து வச்சா மத்தது தப்பிக்கும். இதை எங்க எடுத்து வைக்கிறது?” தரையிலிருந்து எழுந்து, “எம்புட்டு ஆகும்? மொத்தமா ஒரே தடவையாச் சொல்லிருங்க. பிச்சுப் பிச்சுச் சொன்னா என்னால தாங்க முடியாது” என்றார். அன்று அவருக்குப் பதில் சொல்ல எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

ரவி சார் திரும்பி வந்ததும் நேராக ஸ்கேன் அறைக்கு வந்தார். கோபத்தில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மேடம் படத்தை எடுத்து முன்னால் வைத்தார். ரவி சார் வெகுநேரம் பார்த்தார். போகும்போது அருள் டாக்டரிடம், “நாளைக்குத் திருப்பும்போது நான் தலையைப் பிடிக்கிறேன்” என்றார். மேடத்தின் பக்கம் திரும்பவே இல்லை. அந்தச் சிவப்பு அட்டையை அவரே கழற்றிக்கொண்டு போனார்.

தண்ணீர் மெத்தை வந்தது. முறை வைத்துத் திருப்பினோம், ஒவ்வொரு தடவையும் விரலைப் பார்த்துவிட்டு. இனி குறைந்துவிடும் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். ஆனால் அடுத்த ஸ்கேனில் கறுப்பு இன்னும் பெரிதாகியிருந்தது.

வார்டில் பழி உடனே செல்வி அக்கா மேல் விழுந்தது. வீட்டிலிருந்து எண்ணெய் கொண்டுவந்து தேய்த்திருப்பார் என்று பேச்சு. ஸ்டெல்லா சிஸ்டர் நேராகவே கேட்டார். “தொட்டியா?”

“சத்தியமா இல்ல சிஸ்டர். நீங்க தொடக்கூடாதுன்னீங்க, நான் காலைத்தான் பிடிச்சேன்.”

“அப்ப எப்படி ஏறும்?”

மேடம் ஸ்டெல்லா சிஸ்டரை ஸ்கேன் அறைக்கு அழைத்துவரச் சொன்னார். நாற்காலியில் உட்கார வைத்து, முதல் படத்தையும் இப்போதைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். என்னிடம் கேட்கும் அதே குரலில், “பேரு எதுவும் வேண்டாம் சிஸ்டர். என்ன தெரியுதோ அதைச் சொல்லுங்க” என்றார்.

சிஸ்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“முதல்ல ஒரு வட்டமா இருந்துச்சு. இப்ப நீளமா இருக்கு.”

“எந்தப் பக்கம் நீளம்?”

“மேல் பக்கமா. கீழ நகரல. கோடு கோடா இழுத்தாப்ல…” அவர் தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தார். பவுடர் விரல் இடுக்கில் இன்னும் இருந்தது. கீழிருந்து மேலாக, ஒவ்வொரு ஷிஃப்டிலும், கை உள்ளே விட்டுத் தேய்த்தது அவர்தான். ஏற்கெனவே செத்துக்கொண்டிருந்த சதையை அந்தத் தேய்ப்பு இழுத்துக் கிழித்திருக்கிறது.

“என் விரல் போற வழி மேடம் இது” என்றார்.

மேடம், “நமக்குச் சொல்லிக்கொடுத்ததே அப்படித்தான் சிஸ்டர். நானும் இத்தனை நாள் கேக்கல, நீங்க தேய்க்கிறீங்களான்னு” என்றார்.

ஸ்டெல்லா சிஸ்டர் அழவில்லை. எழுந்து வார்டுக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். செல்வி அக்காவின் முன்னால் நின்று, எல்லார் காதிலும் விழும்படி, “நீ தொடல. நான்தான் தொட்டேன். உன் மேல பழி போட்டேன்” என்றார். செல்வி அக்கா கையிலிருந்த டம்ளரை நீட்டி, “காப்பி குடிங்க சிஸ்டர்” என்றார்.

அதற்குப் பிறகும் அந்தக் கை உள்ளே போகத்தான் செய்தது. திருப்புவதற்கு இடைப்பட்ட நேரத்தில் அந்த இடத்துக்குக் காற்றும் இடைவெளியும் கொடுக்க வேறு வழி இல்லை. ஆனால் தேய்க்கவில்லை. உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து, மெத்தையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, சதை எதிலும் படாமல் அப்படியே குனிந்து நிற்பார். நான் புரோபை மிதக்க விடுவது போலவேதான் அதுவும். தேய்க்காமல் நிற்பது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று அவருடைய விரல்களைப் பார்த்தால் தெரியும். தானாக அசையப் போய் நிற்கும். பவுடர் டப்பா அந்த வார்டிலிருந்து போய்விட்டது. மற்ற நர்ஸ்கள் முணுமுணுத்தார்கள். “டிவி சொல்றதைக் கேளுங்க, என்னைக் கேக்காதீங்க” என்றார்.

தோல் கடைசியில் பிளக்கத்தான் செய்தது. அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. நாங்கள் பார்க்க ஆரம்பித்தபோதே உள்ளே ஒரு பகுதி செத்திருந்தது. ஆனால் அந்தப் பெரியவருக்கு வந்தது போன்ற பள்ளமாக இல்லாமல், ஒரு நாணயத்தின் அளவில் வெளிவந்து நின்றது. ஒவ்வொரு ஸ்கேனிலும் சுற்றியிருந்த கறுப்பில் இழைகள் திரும்ப வருவதைப் பார்த்தோம். எலும்பு வரை சீழ் போகவில்லை. நெஞ்சுச் சளி குறைந்ததும் ரவி சார் கம்பி வைத்தார். தொடையிலிருந்து சதை எடுத்து மூட வேண்டிய ஆபரேஷன் தேவைப்படவில்லை.

நான் வேறு ஆஸ்பத்திரிக்கு மாறிய பிறகு ஒரு நாள், மனைவியோடு அழகர்கோவில் போயிருந்தேன். பஸ் இறங்கும் இடத்துக்கு அருகில், மர நிழலில், தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் பாண்டி அண்ணன் உட்கார்ந்திருந்தார். தராசு அவர் கையில். நடை வரவில்லை. வலது காலால் தரையைத் தட்ட மட்டும் முடிகிறது. குரங்குகள் வண்டிக்கு வந்தால் அதைத்தான் தட்டுவார்.

“ஏ, ஸ்கேன் தம்பி. எனக்கு என்ன புள்ளன்னு கடைசி வரைக்கும் சொல்லலையே நீ.”

நாற்காலியில் தடிமனான பஞ்சு இருந்தது. வேலைக்கு நடுவில் அவர் இரண்டு கையையும் ஊன்றி உடம்பைத் தூக்கி, கொஞ்சம் பிடித்து, பிறகு இறக்கினார். யாரும் சொல்லாமலே. அது ஸ்டெல்லா சிஸ்டர் பழக்கியது என்று செல்வி அக்கா சொன்னார். சிஸ்டர் ஓய்வு பெற்ற பின்பும் வந்து பார்த்தாராம்.

பழத்துக்குக் காசு வாங்க மறுத்தார்கள். அப்போது அன்று பதில் சொல்லாமல் விட்ட கேள்வி எனக்கு ஞாபகம் வந்தது. அக்காவிடமே திருப்பிக் கேட்டேன், அந்தப் புண்ணுக்கு மட்டும் கடைசியில் எவ்வளவு ஆனது என்று.

அவர் யோசிக்கவே இல்லை. காதில் தோடு இருந்த இடத்தைத் தொட்டுக்கொண்டார். அங்கே இப்போது ஒரு துடைப்பக் குச்சிதான் இருந்தது.

“மெத்தை, மருந்து, கட்டு, எல்லாம் சேத்து ஆறாயிரத்து நானூறு ரூவா தம்பி.”